தப்பில்லாத இசைத்தொகுப்பு எது?

(கே. ஏ. குணசேகரன் நினைவுச் சொற்பொழிவு)

 ஜெய்பீம்.

இலக்கிய அமைப்பின் மேடையில் இசைத்தொகுப்புகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தத் தயக்கம் தேவைப்படாது. கே. ஏ. குணசேகரன் பேராசிரியர், ஆய்வாளர், நாடகக்காரர், ‘பலி ஆடுகள்’ எழுதியவர், ‘வடு’ என்ற தன்வரலாற்றைத் தந்தவர். ஆனால் அந்தப் புத்தகங்களைத் தொடுவதற்கு முன்பே அவருடைய குரலைக் கேட்டுவிட்டவர்கள் நம்மில் பலர். இளையான்குடி பக்கத்து மாரந்தையில் 1955இல் பிறந்த அவர் 2016 ஜனவரி 17 அன்று மறைந்தார். குரல் மறையவில்லை. ஒலிநாடா அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இசை கேட்பவர்கள் கூடினால் ஒரு விளையாட்டு நடக்கும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, ஒன்றைக்கூடத் தள்ளிவிடாமல் கேட்கக்கூடிய இசைத்தொகுப்பு எது? குறையே இல்லாத தொகுப்பு எது? ஆளுக்கொன்று சொல்வார்கள். சண்டை வரும். தேநீர் ஆறிப்போகும். இன்று அந்தக் கேள்வியை விளையாட்டாக இல்லாமல் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். குறை என்று நாம் எதைச் சொல்கிறோம்? அதைத் தீர்மானிக்கும் காது யாருடையது? முழுதாகக் கேட்கப்படும் வாய்ப்பு இந்தச் சமூகத்தில் யாருக்குக் கிடைத்தது?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறையற்ற தொகுப்பு என்றால் அதிலிருந்து எதையும் உருவி எடுக்க முடியாத தொகுப்பு. ஒரு மனிதர் சொல்ல வந்ததை அவர் சொன்ன வரிசையிலேயே கடைசிவரை கேட்க வைக்கும் ஏற்பாடு அது. நம்முடைய மக்களின் இசை காலங்காலமாகத் துண்டு துண்டாகத்தான் கேட்கப்பட்டிருக்கிறது. ஆகவே நம்மிடமிருந்து வரும் முழுமையான ஒரு இசைத்தொகுப்பை ரசனைச் செய்தியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. கடைசிவரை கேட்கப்படும் உரிமைக்கான கோரிக்கையாகவும் அதைப் பார்க்கிறேன்.

மூன்று நிமிடமும் இருபது நிமிடமும்

இசைத்தொகுப்பு என்ற வடிவத்தை உண்டாக்கியது தொழில்நுட்பம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். விடிய விடியப் பாடிய வித்வான்களும் கூத்துக்காரர்களும் அந்த மூன்று நிமிடத்துக்குள் தங்களை மடித்து வைக்க வேண்டியிருந்தது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. இசைத்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அதன் பிறகுதான் பாட்டுகளை வரிசையாக அடுக்கி, ஒன்றோடொன்று பேசவைத்து, நாவல் எழுதுவதுபோல ஒரு முழு இசைத்தட்டைச் செய்யலாம் என்ற எண்ணம் வேர்விட்டது.

நம் ஊரில் இசைத்தட்டு என்றாலே சினிமாதான். அங்கே பாட்டின் வரிசையைத் தீர்மானித்தது கதையின் தேவை. ஒரு காதல் பாட்டு, ஒரு சோகப் பாட்டு, ஒரு கூட்டப் பாட்டு. தொகுப்பு முழுவதும் நன்றாக அமைந்த படங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த வரிசை இசைக்கலைஞரின் வாதமாக இருப்பது அரிது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த கேசட், 80களில் நம் ஊர்களுக்குள் பரவியபோது கதை மாறியது. பெரிய நிறுவனத்தின் தயவு இல்லாமல் பதிவு செய்யலாம், குறைந்த செலவில் படி எடுக்கலாம், கூட்டம் நடக்கும் இடத்தில் துண்டுப் பிரசுரத்தோடு வைத்து விற்கலாம். குணசேகரனின் ‘தன்னானே’ குழுவின் பாட்டுகள் அப்படித்தான் ஊர் ஊராகப் போயின. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நெருப்பிலிருந்து கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டைச் சேரிகளின் பாட்டாக ஆக்கியதில் குணசேகரனின் குரலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேசட்டின் இன்னொரு குணத்தை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். அதில் ஒரு பாட்டைத் தாண்டிப் போவது சிரமம். நாடாவை ஓட்டினால் எங்கே நிற்கும் என்று தெரியாது. அதனால் போட்டதைப் போட்டபடி, வைத்த வரிசையிலேயே கேட்டோம். சோர்ந்த பாட்டு வந்தாலும் பொறுத்துக்கொண்டோம். அந்தப் பொறுமைதான் முழுதாகக் கேட்கும் பழக்கத்தைக் கொடுத்தது. இன்று செல்பேசியில் முப்பது விநாடித் துண்டு பிடிக்கவில்லை என்றால் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது.

துண்டாகக் கேட்கப்படுவது எங்களுக்குப் புதிதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்பேசி வருவதற்கு முன்பே நம்மைத் துண்டாக்கிக் கேட்டவர்கள் உண்டு. சாவு வீட்டுக்கு மட்டும் பறை வேண்டும். ஊர்த் திருவிழாவில் சாமி புறப்படும்வரை வேண்டும், புறப்பட்ட பின் எட்டி நிற்க வேண்டும். இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் விழாவுக்கு நம் பிள்ளைகளின் பறைக் குழுவை அழைத்துப் போயிருந்தேன். நிகழ்ச்சி நிரலில் எங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். வாசலில், விருந்தினர் காரிலிருந்து இறங்கி அரங்குக்குள் நுழையும்வரை. உள்ளே பாட்டுக் கச்சேரிக்கு ஒரு மணி நேரம். பிள்ளைகள் பன்னிரண்டு அடிவரிசை பழகிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள், “போதும்பா, நிறுத்துங்க” என்றார் ஒருவர். கைதட்டல் வந்தது, நிறைய வந்தது. ஆனால் மீதி வரிசைகளை யாரும் கேட்கவில்லை. யாரும் அவமதிக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பாராட்டிக்கொண்டே பாதியில் நிறுத்த முடியும்.

பாட்டுக்கு நடப்பது வாழ்க்கைக்கும் நடக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று நம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று இடங்களிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். வெளி உலகம் இதை ஒரே ஒரு பாட்டாகக் கேட்டது. காதல் பாட்டு, அதன் சோக முடிவு. பெங்களூருக்கும் கோவைக்கும் போய் உழைத்துக் கட்டிய வீடுகள், பீரோவில் இருந்த நகை, பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்கள், வாசலில் நின்ற இருசக்கர வண்டி ஆகியவை ஏன் குறிவைத்து அழிக்கப்பட்டன என்பது அந்தப் பாட்டில் இல்லை. நிலத்தை நம்பி நிற்காமல் நகரத்தில் சம்பாதித்து வந்த ஒரு தலைமுறையின் மீது இருந்த ஆத்திரம் அந்தப் பாட்டில் இல்லை. முன்பாதியும் பின்பாதியும் இல்லாமல் நடுவில் ஒரு துண்டைக் கேட்டுவிட்டு உலகம் கண்ணீர் விட்டது. பிறகு அடுத்த செய்திக்குப் போனது.

பட்டியலும் காதும்

குறையற்ற தொகுப்புகளுக்குப் பட்டியல் போடுவது உலகம் முழுவதும் நடக்கிறது. அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல், எக்காலத்துக்கும் சிறந்த 500 தொகுப்புகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. முதலிடம் பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ தொகுப்புக்கு. மார்வின் கே என்ற கறுப்பினப் பாடகரின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆறாமிடத்தில் இருந்தது. 2020இல் புதிதாக வாக்கெடுத்துப் புதிய பட்டியல் போட்டார்கள். இப்போது ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது.

பதினேழு ஆண்டுகளில் அந்த இசைத்தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. 1971இல் பதிவானது பதிவானபடியே இருக்கிறது. கேட்டு வாக்களித்த காதுகள் மாறின, காலம் மாறியது. சமூகவியல் மாணவர்கள் பூர்தியுவைப் படித்திருப்பீர்கள். ரசனை என்பது பிறவியில் வரும் வரம் அல்ல, சமூகத்தில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் அடையாளம் என்று அவர் வாதிட்டார். அதோடு அம்பேத்கரையும் சேர்த்துப் படியுங்கள். சாதியை அவர் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். எந்தத் தரவரிசையைப் பார்த்தாலும், அதை அடுக்கியவர் எந்தப் படியில் நின்று அடுக்கினார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு அவரிடமிருந்து வந்தது.

அந்த மார்வின் கே தொகுப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒன்பது பாட்டுகள். வியட்நாம் போரிலிருந்து வீடு திரும்பும் ஒருவனின் கண் வழியாக நகர்கின்றன. மார்வினின் தம்பியே அந்தப் போரில் இருந்தவர். போர், வேலையின்மை, போதை, காற்றும் நீரும் கெட்டுப்போவது, குழந்தைகளின் எதிர்காலம், கடைசியில் நகரத்துச் சேரியின் ஆத்திரம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி பெரும்பாலும் இல்லை, ஒன்று இன்னொன்றுக்குள் வழிகிறது. மோட்டவுன் நிறுவனத்தின் தலைவர் பெர்ரி கோர்டி தலைப்புப் பாட்டை வெளியிடவே முதலில் விரும்பவில்லை. அரசியல் பேசினால் விற்காது என்று நினைத்தார். பாட்டு தனியாக வெளிவந்து விற்றுத் தீர்ந்த பின்தான் முழுத் தொகுப்புக்கு வழி திறந்தது.

இந்தக் குறையற்ற தொகுப்பு இரண்டு தற்செயல்களோடு தொடங்குகிறது. ஆரம்பத்தில் வரும் சாக்சபோன், வாசிப்பவர் கருவியைச் சூடுபடுத்திக்கொள்ள விளையாட்டாக வாசித்தது. மார்வின், அதுவே போதும் என்று வைத்துக்கொண்டார். ஒரே வரியை அவர் இருமுறை பாடிப் பதிவு செய்திருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டார். ஒரு மனிதன் தன்னோடு தானே பேசுவதுபோல் கேட்டது. அதையும் வைத்துக்கொண்டார். இன்னொரு செய்தியும் உண்டு. மோட்டவுனின் எண்ணற்ற வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்த ‘ஃபங்க் பிரதர்ஸ்’ கலைஞர்களின் பெயர்கள் முதன்முதலாக இந்தத் தட்டின் உறையில்தான் அச்சாயின். தப்பை உள்ளே விட்டார், வாசித்தவர்களின் பெயரையும் உள்ளே விட்டார். இரண்டும் ஒரே மனநிலையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

தப்பு என்ற சொல்

தமிழில் இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகிறது. தப்பு என்றால் பிழை. தப்பு என்றால் பறையும்தான். தப்படிப்பது, தப்பாட்டம் என்கிறோம். இரண்டு சொல்லுக்கும் மூலம் ஒன்றா வேறா என்பது மொழியியலாளர் வேலை. சமூகம் இரண்டையும் ஒன்றாகவே கேட்டிருக்கிறது என்பது நம் அனுபவம். ஒரு கருவியை எடுத்தாலே தப்பு என்று ஆகிவிடுகிற நாட்டில், தப்பில்லாத இசை என்ற அளவுகோலை நாம் அப்படியே வாங்கிக்கொள்ள முடியுமா?

பறையைப் பதிவு செய்தவர்களுக்குத் தெரியும். தோல் ஈரக்காற்றில் தொய்யும், நெருப்பில் காட்டினால் முறுகும். வாசித்துக்கொண்டே இருக்கும்போது சுருதி இறங்கும். குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நெருப்பு மூட்ட முடியாது. வெளியே போய்க் காய்ச்சிக்கொண்டு வர வேண்டும். சிண்டுக் குச்சியும் அடிக்குச்சியும் ஒன்றாக விழும் வீச்சில் மலிவான ஒலிவாங்கி பிளந்து போகும். அறையும் இயந்திரமும் வேறு கருவிகளுக்காக அமைக்கப்பட்டவை. அவற்றுக்குள் பறை அடங்கவில்லை என்றால் குறை பறையுடையதாகச் சொல்லப்படுகிறது.

சரி, குறையே இல்லை என்று போற்றப்படும் இசைக்குப் போவோம். கர்நாடக சங்கீதத்தின் மிருதங்கம். அதன் தோல் பசு, எருமை, ஆடு ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, சுருதி கூட்டித் தருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், அவர்களிலும் பலர் கிறிஸ்தவர்கள். அந்தக் கைவினைஞர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதினார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து போன்றவர்களின் பெயர்கள் அதன் வழியாகப் பரவலாகத் தெரியவந்தன. நூல் வெளியீட்டுக்குத் தன் அரங்கைத் தருவதாக ஒப்புக்கொண்ட சென்னை கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது.

மிருதங்கத்தில் அபசுரம் வராமல் பார்த்துக்கொள்ளும் காது யாருடையது? வாசிப்பவருடையது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அது செய்தவருடையது. சபையில் ஒலிக்கும் அந்தத் தப்பில்லாத நாதம் நம் மக்களின் காதில் முதலில் சரிபார்க்கப்பட்டுத்தான் மேடைக்குப் போகிறது. இசைத்தட்டின் உறையில் அந்தப் பெயர் வருவதில்லை. குறையற்ற தொகுப்பு என்று எதைச் சொன்னாலும் அதன் உறையைத் திருப்பிப் பாருங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை?

பாக் என் வீட்டுக்கு வந்தார்

தமிழ்நாட்டிலிருந்து வந்த இசைத்தொகுப்புகளில், எதையும் உருவி எடுக்க முடியாதது எது என்று கேட்டால் என் பதில் 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. பாட்டு வரி கிடையாது, கதாநாயகன் கிடையாது. பத்து இசைக்கோவைகள். வி. எஸ். நரசிம்மனின் வயலின் நம்மைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது.

பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து, 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகச் சினிமாவுக்கு வந்தவர் இளையராஜா. தம்மை எந்தச் சாதி அடையாளத்துக்குள்ளும் வைத்துப் பேசுவதை அவர் ஏற்பதில்லை. அது அவருடைய உரிமை. நான் பேசப்போவது அவரைப் பற்றி அல்ல, நம் இடத்திலிருந்து கேட்கும்போது அந்தத் தொகுப்பு நமக்கு என்ன சொல்கிறது என்பதைப் பற்றி.

பத்துத் தலைப்புகளையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நான் பொருளைச் சொல்கிறேன். முதலாவது, இதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்ற கேள்வி. மூன்றாவது, நீ விடுதலையாக இருக்க முடியாது என்கிறது. ஐந்தாவது, இது நெருப்பா என்று கேட்கிறது. ஆறாவது, அறை தியாகராஜரை வரவேற்கிறது. மேற்கத்திய மரபில் சிறு குழுவாக வாசிக்கும் இசைக்கு அறை இசை என்று பெயர், அந்த அறைதான் இது. ஏழாவது, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன். எட்டாவது, நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது, ஒப்பிடாதே. பத்தாவது, எதையும் செய்.

ஆறாவதையும் ஏழாவதையும் சேர்த்து வைத்துக் கேளுங்கள். தியாகராஜர் வருகிறார், வரவேற்பது இவருடைய அறை. பாக் வருகிறார், சந்திப்பு நடப்பது இவருடைய வீட்டில். யார் யாருடைய வீட்டுப் படியேறலாம், யார் யாருடைய வாசலில் நின்றே பேச வேண்டும் என்பதுதான் நம் ஊரில் சாதியின் அன்றாட இலக்கணம். தேநீர்க் கடையில் எந்தக் குவளை, திண்ணையில் எந்த ஓரம் என்று அந்த இலக்கணத்தை நாம் மனப்பாடமாக அறிவோம். இந்தத் தொகுப்பில் இசையின் இரண்டு பெரிய மரபுகளும் விருந்தாளிகளாக வருகின்றன. விருந்தோம்புகிறவர் பண்ணைப்புரத்துக்காரர். உள்ளே விடுங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. தன் வீட்டுக் கதவைத் திறந்து, வாங்க, உட்காருங்க என்கிறார். பிறகு சமமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசி முடித்ததும், ஒப்பிடாதே என்று நமக்கு ஒரு சொல்.

தனியாக ஏழாவதை மட்டும் கேட்டால், பாக்கின் வயலின் இசையை நம் ஊர்க்காரர் கையாண்ட சாமர்த்தியம் தெரியும். பாராட்டிவிட்டுப் போகலாம். முழுதாகக் கேட்டால்தான் அது ஒரு பயணமாகிறது. பெயரில்லாத ஒன்றாகத் தொடங்கி, விடுதலை இல்லை என்பதைக் கடந்து, விருந்தோம்பி, ஒப்பீட்டை மறுத்து, எதையும் செய்யலாம் என்ற இடத்துக்கு வந்து சேரும் பயணம். இதில் எந்தக் கோவையை எடுத்தாலும் வழி அறுந்துவிடும். குறையற்ற தொகுப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

பேரன் வைத்த பெயர்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறையாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த அடையாளத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். வடசென்னையின் சாவு வீடுகளில் பாடப்பட்ட கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. இட ஒதுக்கீடு பற்றியும் மாட்டிறைச்சி பற்றியும் பாட்டு கட்டினார்கள். ஆண்களின் பாட்டாக இருந்த கானாவை அங்கே இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அன்றைய நிகழ்ச்சி ஐந்து நிமிட வாசல் வரவேற்பு அல்ல. மாலை முழுவதும் அவர்களுடையது.

அந்தக் குழுவிலிருந்து வந்த அரக்கோணத்துக்காரர் அறிவு. 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். சினிமாவின் உதவி இல்லாமல், தெருவிலிருந்து எழுந்த அரசியல் தொகுப்பு. ‘ஆன்டி இண்டியன்’, ‘கள்ளமௌனி’ ஆகிய பாட்டுகள் பரவின.

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். உலகமே கேட்டது. அந்தப் பாட்டின் வேரில் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று கணக்குப் போட்டது. காட்டைத் தோட்டமாக்கியவர்கள் கையில் ஒரு துண்டு நிலமும் இல்லாமல் கப்பலேறினார்கள். அந்த வரலாற்றின் முணுமுணுப்பு அந்தப் பாட்டு.

ஒற்றைப் பாட்டாக அது புகழ் ஏணியில் ஏற ஏற, எழுதியவர் அதிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தார். அதே 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, அந்தப் பாட்டையும் இன்னொரு பாட்டையும் முன்னிட்டு வெளியிட்ட அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார், விவாதம் எழுந்தது. 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு அங்கே இல்லை. தன் உழைப்பைப் பற்றி அவர் எழுதினார். பாட்டை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் மற்ற இருவரும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. ஒற்றைப் பாட்டு என்ற வடிவம் எவ்வளவு எளிதாகக் கைமாறக்கூடியது என்பதைப் பாருங்கள். அதன் பின்னால் இருக்கும் பாட்டியையும் கப்பலையும் தோட்டத்தையும் கழற்றிவிட்டு, தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட முடிகிறது.

2024இல் அறிவு தந்த பதில் அறிக்கை அல்ல, ஒரு முழுத் தொகுப்பு. அதற்கு அவர் வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. இந்தமுறை பாட்டியின் பெயர் பாட்டின் உள்ளே எங்கோ ஓரிடத்தில் இல்லை, முகப்பிலேயே இருக்கிறது. அட்டையைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது. எந்தப் பாட்டை யார் எங்கே ஒலிக்கவிட்டாலும், திரையில் அந்தக் கிழவியின் பெயர் வந்தே தீரும். ஒரு பாட்டிலிருந்து ஒருவரை நீக்கலாம், வள்ளியம்மாவின் தொகுப்பிலிருந்து வள்ளியம்மாவை எப்படி நீக்குவீர்கள்?

அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு பாட்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. சில பாட்டுகள் முதல் கேட்பிலேயே பிடித்துக்கொள்கின்றன, சில தாமதமாக வருகின்றன. ஆனாலும் பாட்டி என்ற ஒரே நூலில் அவை கோத்து நிற்கின்றன. நம் கலைஞர்களிடம் மட்டும் நூற்றுக்கு நூறு கேட்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, நாமும் அதற்கு விதிவிலக்கு இல்லை. மற்றவர்கள் சுமாராக ஒரு தொகுப்பு போட்டால் அடுத்தது நன்றாக வரும் என்கிறோம். நம் பிள்ளைகள் ஒரு பாட்டில் சறுக்கினால், இதற்குத்தானா இவ்வளவு பேச்சு என்று உதட்டைப் பிதுக்குகிறோம். சறுக்கவும் உரிமை வேண்டும். மார்வினின் தட்டில் தப்பு அழகாக மாற முடியும் என்றால், அறிவின் தட்டிலும் மாற இடம் கொடுங்கள்.

பதிவாகாத தொகுப்பு

கடைசியாக, நம் கையில் இருக்கும் வேலை.

நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாவு மேளத்துக்கு ஒரு வரிசை உண்டு. சேதி சொல்ல ஒரு அடி, பந்தலில் ஒரு அடி, பாடை கிளம்ப ஒரு அடி, நடக்கும்போது ஒன்று, சுடுகாட்டு எல்லையில் ஒன்று. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை மாற்ற முடியாத ஒழுங்கு. யாரும் எழுதி வைக்காமல் கையிலிருந்து கைக்கு வந்த முழுத் தொகுப்பு அது. திரௌபதி அம்மன் கோயில்களில் இரவிரவாக நடக்கும் பாரதக் கூத்தும் அப்படித்தான். முழுதாகக் கேட்பதும் பார்ப்பதும் எல்.பி. தட்டு வந்து நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இல்லை.

சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடி வாங்கிய ஊர்கள் உண்டு. அந்த மறுப்புக்கு நான் தலைவணங்குகிறேன். அது சுயமரியாதை. பறையை விடுதலைக் கருவியாக எடுத்து மேடையேற்றியவர்களுக்கும் தலைவணங்குகிறேன். 2025இல் மதுரைப் பறை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அடிமைத் தொழிலாக அதை வாசிக்க வேண்டாம், அறிவாக அதைப் பதிவு செய்வோம். விருது ஒருவருக்கு வரும். வரிசை முழுவதும் தெரிந்த பெரியவர்கள் ஊருக்கு இரண்டு மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

மாணவர்களே, உங்கள் செல்பேசியே ஒலிப்பதிவுக் கூடம். தாத்தாவை உட்காரவைத்து ஒரு அடியை மட்டும் பிடித்து முப்பது விநாடிக் காணொளியாகப் போட வேண்டாம். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, இடையில் அவர் தோலைக் காய்ச்சும் சத்தத்தோடு, இருமலோடு, “இது எங்க அப்பன் சொல்லிக் குடுத்தது” என்கிற பேச்சோடு பதிவு செய்யுங்கள். எதையும் வெட்டாதீர்கள். யார் அடித்தார், யார் தோல் கட்டினார், எந்த ஊர், எந்த நாள் என்று எழுதி வையுங்கள். அவர் ஒப்புதலோடு அவர் பெயரைப் போடுங்கள். காசு வந்தால் அவருக்குக் கொடுங்கள்.

கேட்பவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நம்மவர் ஒருவர் ஒரு தொகுப்பு வெளியிட்டால், பரவிய பாட்டை மட்டும் பகிர்ந்துவிட்டு நகர வேண்டாம். ஒரு மாலை ஒதுக்கி, நாலு பேராகக் கூடி, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேளுங்கள். கேட்டுவிட்டுச் சண்டை போடுங்கள், குறை சொல்லுங்கள். முழுதாகக் கேட்டவர் சொல்லும் குறைக்கு மதிப்பு உண்டு. வாசலில் ஐந்து நிமிடம் கேட்டவர் தரும் பாராட்டுக்கு அந்த மதிப்பு கிடையாது.



ஜெய்பீம்.